நாற்பத்தோராவது இடம்

2016 ஆகஸ்ட் 6, ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் போட்டிகள் தொடங்கிய நாள். பெண்களுக்கான 100 மீட்டர் பட்டர்ஃப்ளை, முதல் ஹீட். நேரக் கணக்கில் பின்தங்கியவர்களைத்தான் முதல் ஹீட்டில் போடுவார்கள். பதக்கம் வாங்கக்கூடியவர்கள் கடைசி ஹீட்டுகளில் வருவார்கள். அதனால் இந்த ஹீட்டை வழக்கமாக யாரும் உன்னிப்பாகப் பார்ப்பதில்லை. அன்று மட்டும் பத்திரிகையாளர் பகுதி நிரம்பி வழிந்தது. நீந்திய ஐந்து பேரில் ஒருவருக்கு நாடு இல்லை. யுஸ்ரா மர்தினி, வயது 18, பிறந்தது சிரியாவின் டமாஸ்கஸில். ஒலிம்பிக் கொடியின் கீழ் அகதிகள் அணிக்காக இறங்கியிருந்தார். உடன் நீந்திய நால்வரையும் முந்தி 1 நிமிடம் 9.21 விநாடியில் சுவரைத் தொட்டார். மொத்தம் 45 பேரில் 41ஆவது இடம். அரையிறுதிக்குப் போவது 16 பேர் மட்டும்.

மறுநாள் உலகப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் யுஸ்ரா இருந்தார். ஆனால் அந்த 1:09.21 பெரும்பாலான செய்திகளில் ஒரு வரியைத் தாண்டவில்லை. எழுதப்பட்டதெல்லாம் ஓராண்டுக்கு முன் அவர் அகதியாகத் தப்பி வந்தபோது ஏஜியன் கடலில் நடந்ததைப் பற்றி. எழுத வேண்டிய கதைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அது விளையாட்டுப் பக்கத்துக்குரிய கேள்வியை ஓரங்கட்டிவிட்டது. 13 வயதில் போரைக் கண்டு, 17 வயதில் ஊரைவிட்டு ஓடி, 18 வயதில் ஒலிம்பிக் குளத்தில் இறங்கிய ஒரு பெண், நீச்சல்காரராக எங்கே நின்றார்? போர் அவரிடமிருந்து எதைப் பிடுங்கியது? நீச்சலில் இதற்கு ஓரளவு துல்லியமாகவே பதில் தேடலாம். கிரிக்கெட்டிலோ கால்பந்திலோ ஆடுகளம், எதிரணி, அதிர்ஷ்டம் என்று பலதும் கலந்திருக்கும். நீச்சலில் 50 மீட்டர் குளம் எங்கும் 50 மீட்டர்தான்.

முதலில் மேலே உள்ள இடைவெளியைப் பார்ப்போம். அந்தப் போட்டியில் தங்கம் வென்றவர் ஸ்வீடனின் சாரா ஸ்யோஸ்ட்ரோம். 55.48 விநாடி, உலக சாதனை. யுஸ்ராவுக்கும் அவருக்கும் 13.73 விநாடி வித்தியாசம். இருவரும் பக்கத்துப் பக்கத்து லேனில் நீந்தியிருந்தால், ஸ்யோஸ்ட்ரோம் முடிக்கும்போது யுஸ்ராவுக்கு இன்னும் 20 மீட்டர் பாக்கியிருந்திருக்கும். நூறு மீட்டரில் அது பெரிய தூரம்.

ஆனால் ஸ்யோஸ்ட்ரோம் அப்போதே பழுத்த வீராங்கனை. ஒப்பீடு நியாயமில்லை என்று சிலர் சொல்லலாம். சரி, இன்னொருவரை எடுத்துக்கொள்வோம். கனடாவின் பென்னி ஒலெக்ஸியாக். டொரன்டோ பெண், ரியோவில் அவருக்கு 16 வயது. யுஸ்ரா ரியோவில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலிலும் இறங்கினார்; அந்த இரண்டு போட்டிகளிலும் ஒலெக்ஸியாக்கும் நீந்தினார். 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் 56.46 விநாடியில் வெள்ளி. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 52.70 விநாடியில், அமெரிக்காவின் சிமோன் மானுவலோடு பகிர்ந்துகொண்ட தங்கம். யுஸ்ரா ஃப்ரீஸ்டைலில் எடுத்தது 1:04.66. தன்னைவிட இரண்டு வயது இளையவரிடம் இரண்டிலும் ஏறக்குறைய 12, 13 விநாடி பின்தங்கியிருக்கிறார். ஒலெக்ஸியாக் ஒரு தலைமுறையில் ஒருவராக வரும் திறமைசாலி. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் 13 வயதிலிருந்து 16 வயதுவரை டொரன்டோவில் குளங்கள் திறந்திருந்தன. டமாஸ்கஸில் அப்படி இல்லை.

டமாஸ்கஸின் தென்மேற்கே ஒட்டியுள்ள புறநகர் தராயா. திராட்சைத் தோட்டங்களுக்கும் மரச்சாமான் பட்டறைகளுக்கும் பேர்போன ஊர். மர்தினி குடும்பம் குடியிருந்தது அங்கேதான். அப்பா எஸ்ஸத் முன்னாள் நீச்சல் வீரர், பயிற்சியாளர். அம்மா மெர்வத் பிசியோதெரபிஸ்ட். நடை பழகிய கையோடு பெண்களை அப்பா குளத்தில் இறக்கிவிட்டார். அக்கா சாராவுக்கும் யுஸ்ராவுக்கும் வீட்டில் அப்பா, குளத்தில் கோச். டமாஸ்கஸின் திஷ்ரீன் விளையாட்டு வளாகத்தில் பயிற்சி நடந்தது. இந்தக் குடும்பத்தில் நீச்சல் பொழுதுபோக்கல்ல, அன்றாடம்.

2011 மார்ச்சில் சிரியாவில் கிளர்ச்சி வெடித்தபோது யுஸ்ராவுக்கு 13 வயது முடிந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தன. தராயா கிளர்ச்சியின் முக்கிய மையங்களுள் ஒன்றானது. 2012 ஆகஸ்டில் அரசுப் படைகள் ஊருக்குள் புகுந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றன. மர்தினிகளின் வீடும் போரில் அழிந்தது. குடும்பம் நகருக்குள் வீடு மாறி வீடு மாறி வாழ்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் தராயா முற்றுகையிடப்பட்டது. அடுத்த மாதம், டிசம்பரில், துருக்கியின் இஸ்தான்புல்லில் உலக குறுங்குள நீச்சல் சாம்பியன்ஷிப். சிரியாவின் சார்பில் நீந்தியவர்களில் யுஸ்ராவும் ஒருவர். வயது 14. 200 மீட்டர் தனிநபர் மெட்லி, 200 மற்றும் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ஆகிய மூன்றில் இறங்கினார்.

இந்தத் தேர்வே ஒரு தகவல் சொல்கிறது. மெட்லியில் நான்கு வகை நீச்சலும் வரும். 400 மீட்டருக்கு மூச்சும் தாக்குப்பிடிப்பும் வேண்டும். பதினான்கு வயதில் ஒரு பிள்ளையை இந்த மூன்றிலும் இறக்குகிறார்கள் என்றால், அடித்தளம் பலமாகப் போடப்பட்டிருக்கிறது என்று பொருள். நல்ல பயிற்சியாளர்கள் இப்படித்தான் செய்வார்கள். சின்ன வயதில் நீண்ட தூரமும் எல்லா வகை நீச்சலும். பதினேழு, பதினெட்டில்தான் ஒரு வகையைப் பிடித்துக் கூர் தீட்டுவார்கள். யுஸ்ராவின் அப்பா பாதை சரியாகத்தான் போட்டிருந்தார். பாதையின் நடுவில்தான் போர் வந்தது.

நீச்சல் மற்ற விளையாட்டுகளைப் போல விட்டுப் பிடிக்கக்கூடியது அல்ல. ஓட்டக்காரருக்குத் தெரு போதும், மலையேறுபவருக்குப் படிக்கட்டு போதும். நீச்சல்காரருக்குத் தண்ணீர் இல்லாமல் ஒன்றும் ஆகாது. இரண்டு வாரம் குளத்துப் பக்கம் போகாவிட்டாலே உள்ளங்கையில் தண்ணீர் பிடிபடாமல் நழுவுவதாக அவர்கள் சொல்வார்கள். இதில் பட்டர்ஃப்ளைதான் மிகக் கறாரானது. இரண்டு கைகளும் ஒன்றாகத் தண்ணீரிலிருந்து வெளியே வந்து ஒன்றாக உள்ளே போக வேண்டும். ஒரு கைவீச்சுக்கு இரண்டு கால் உதை: கை உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. இந்தத் தாளம் அரை நொடி பிசகினால் இடுப்பு தாழ்ந்துவிடும். இடுப்பு தாழ்ந்தால் அடுத்த வீச்சுக்கு உடலையே தூக்க வேண்டும். முதல் 50 மீட்டரில் இதை மறைத்துவிடலாம். எழுபதாவது மீட்டரில் தோள் கனக்கத் தொடங்கும்போது, விட்டுப்போன ஒவ்வொரு காலைப் பயிற்சியும் வெளியே தெரிந்துவிடும்.

டமாஸ்கஸில் அந்தப் பயிற்சிகள் பலவும் விட்டுப்போயின. குண்டுவீச்சு இருந்தால் குளம் மூடப்படும். திறந்திருந்த நாள்களிலும் கூரையில் மூன்று நான்கு இடங்களில் ஓட்டை. மல்லாந்து நீந்தினால் வானம் தெரிந்தது. குளத்துக்குள்ளேயே குண்டு வந்து விழுந்ததும் உண்டு. ரியோவுக்கு முன் நடந்த செய்தியாளர் சந்திப்பில் யுஸ்ரா இவற்றை அலட்டிக்கொள்ளாமல் சொன்னார். அப்பா வேலை தேடி ஜோர்டான் போய்விட்டார். கோச்சும் அப்பாவும் ஒருவரே என்பதால் இழப்பு இரட்டிப்பானது. பயிற்சி தேய்ந்து, கடைசியில் ஏறக்குறைய அறுந்துபோனது. நீச்சல்காரர்கள் வேகமாக வளரும் வயது 13 முதல் 17 வரை என்பதை எந்தக் கோச்சிடம் கேட்டாலும் சொல்வார். யுஸ்ராவுக்குப் பறிபோனது சரியாக அந்த வயது.

2015 ஆகஸ்டில் சாராவும் யுஸ்ராவும் கிளம்பினார்கள். பெய்ரூட், இஸ்தான்புல், அங்கிருந்து இஸ்மீர். அந்த ஒரே ஆண்டில் கடல் வழியாக கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். துருக்கிக் கரையிலிருந்து லெஸ்போஸ் தீவு கண்ணுக்கெட்டும் தூரம்தான். ஆறேழு பேருக்கான ரப்பர் படகில் இருபது பேர்வரை ஏற்றினார்கள். புறப்பட்ட சிறிது நேரத்தில் மோட்டார் நின்றுபோனது. படகில் பெரும்பாலானவர்களுக்கு நீச்சல் தெரியாது. சாரா முதலில் குதித்தார், யுஸ்ரா பின்னாலேயே. வேறு இருவரும் இறங்கினார்கள். மூன்று மணி நேரத்துக்கும் மேல் தண்ணீரில் கிடந்து, படகு லெஸ்போஸை அடைந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றித்தான் அதிகம் மிகைப்படுத்தி எழுதினார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிப் படகை இழுத்துக்கொண்டு நீந்தினார்கள் என்பதுவரை போய்விட்டது. பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும் படகை அலைகடலில் இருவர் அப்படி இழுத்துக்கொண்டு போக முடியாது. உண்மையில் செய்தது வேறு, அதுவே போதுமானது. நான்கு பேர் இறங்கியதால் பாரம் குறைந்து படகின் விளிம்பு தண்ணீருக்கு மேலே எழுந்தது. பக்கவாட்டுக் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையாலும் காலாலும் தள்ளி, படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். குறுக்கே திரும்பினால் கவிழும். பட்டர்ஃப்ளைக்கோ டைமுக்கோ அங்கே வேலையில்லை. வேண்டியிருந்ததெல்லாம் குளிர்ந்த உப்புத்தண்ணீரில் பதற்றப்படாமல் மணிக்கணக்கில் உதைத்துக்கொண்டிருக்கும் பொறுமை. 400 மீட்டர் நீந்தப் பழகிய உடம்புக்கு அது இருந்தது. நீச்சல்காரியாக இருந்துகொண்டு தண்ணீரில் சாவது வெட்கக்கேடு என்று அப்போது நினைத்ததாக யுஸ்ரா பின்னர் சொன்னார். அப்பா போட்ட அடித்தளம் போட்டியில் பலன் தரும் முன்பே கடலில் பலன் தந்துவிட்டது.

கிரேக்கம், மாசிடோனியா, செர்பியா, ஹங்கேரி, ஆஸ்திரியா என்று நடந்தும் பஸ்ஸிலும் ரயிலிலுமாக, செப்டம்பரில் பெர்லின். ஷ்பான்டாவ் பகுதியில் அகதிகள் விடுதி. அங்கிருந்த எகிப்திய மொழிபெயர்ப்பாளரிடம் அக்கா தங்கை கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, பக்கத்தில் நீச்சல் குளம் எங்கே இருக்கிறது என்பது. அவர் வாஸர்ஃப்ராய்ண்டே ஷ்பான்டாவ் 04 என்ற பழைமையான கிளப்பைக் காட்டினார். 1936 ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட வளாகத்தில் பயிற்சி தரும் கிளப் அது. பயிற்சியாளர் ஸ்வென் ஷ்பானெக்ரெப்ஸ் இருவரையும் நீந்தச் சொல்லிப் பார்த்தார். நீச்சல் முறை சுத்தமாக இருந்தது, உடல்தகுதி விட்டுப்போயிருந்தது. சேதம் எங்கே என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிக்கை கிடையாது. சில வாரங்களிலேயே 2020 டோக்கியோவை இலக்காக வைத்து அவர் திட்டம் போட்டார். ஒரு நல்ல கோச்சின் கணக்கு அது: தொலைந்த ஆண்டுகளைச் சரிக்கட்ட ஐந்தாண்டு வேண்டும்.

அதற்குள் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி முதன்முதலாக அகதிகள் அணி ஒன்றை அறிவித்தது. 2016 மார்ச்சில் பரிசீலனையில் 43 பேர், ஜூனில் இறுதியாகப் பத்துப் பேர். தெற்கு சூடானிலிருந்து வந்து கென்யாவில் தஞ்சமடைந்த ஓட்டக்காரர்கள் ஐவர், காங்கோவின் ஜூடோ வீரர்கள் இருவர், எத்தியோப்பிய மாரத்தான் வீரர் ஒருவர், சிரியாவின் நீச்சல்காரர்கள் இருவர். யுஸ்ராவுடன் இருந்த இன்னொருவர் அலெப்போவைச் சேர்ந்த ராமி அனீஸ்.

யுஸ்ராவின் பதின்பருவத்தில் முடிவெடுக்க மிகக் கடினமாக இருந்தது கடலில் குதித்ததல்ல என்றே தோன்றுகிறது. அங்கே யோசிக்க நேரமில்லை. அகதிகள் அணியில் சேர்வதா வேண்டாமா என்பதுதான் கடினம். அகதி என்ற பெயரே அவருக்குப் பிடிக்கவில்லை. டைம் எடுத்துத் தகுதி பெறாமல் இரக்கத்தால் இடம் கிடைக்கிறதோ என்ற உறுத்தல் வேறு. சின்ன வயதிலிருந்து கடிகாரத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த உறுத்தல் வராமல் இருந்தால்தான் அதிசயம். நேரத்தை எட்டிப்பிடித்து ஒலிம்பிக் போக வேண்டும் என்பதுதான் வீட்டில் சொல்லிக்கொடுத்தது. நிறைய யோசித்த பிறகே ஒத்துக்கொண்டார். வளர்ந்துவிட்டார் என்று சொல்லத் தகுந்த இடம் இதுதான். தனக்குப் பிடிக்காத பெயரைப் பலருக்காகச் சுமக்கலாம் என்று முடிவெடுப்பது பதினெட்டு வயதில் எளிதல்ல.

தகுதி பற்றிய கேள்வி அப்போது வெளியிலும் எழுந்தது. 13 விநாடி பின்தங்கியவருக்கு ஒலிம்பிக்கில் என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. பதில் முடிவுப் பட்டியலிலேயே இருக்கிறது. யுஸ்ராவுக்குக் கீழே நான்கு பேர். அந்த நால்வரும் ஏதோ ஒரு நாட்டின் கொடியோடு வந்தவர்கள். நீச்சலில் வலுவில்லாத நாடுகளுக்கும் ஓரிரு இடம் தர வேண்டும் என்பது ஒலிம்பிக் நீச்சலின் பழைய ஏற்பாடு. குளமே சரியாக இல்லாத தீவு நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு அது நியாயம் என்றால், குளத்தின் கூரையே பெயர்ந்த ஊரிலிருந்து வந்தவருக்கு எப்படி அநியாயமாகும்? அவரது ஹீட்டுக்கு முந்தைய இரவு மரக்கானா அரங்கில் தொடக்க விழா, மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது. மறுநாளே போட்டி உள்ள நீச்சல்காரர்கள் பலர் கால் அசதிக்குப் பயந்து விழாவுக்கே போகமாட்டார்கள். யுஸ்ரா அகதிகள் அணியோடு நடந்துவிட்டு, அடுத்த நாள் தன் ஹீட்டில் முதலிடம் பிடித்தார்.

ரியோ விளையாட்டுகள் ஆகஸ்ட் 21இல் முடிந்தன. நான்கு நாள் கழித்து, நான்காண்டு முற்றுகைக்குப் பின் தராயா சரணடைவுக்கு ஒப்புக்கொண்டது. எஞ்சியிருந்த மக்கள் பஸ்களில் ஏற்றப்பட்டார்கள், ஊர் காலியானது.

2017இல் ஐ.நா. அகதிகள் முகமை யுஸ்ராவை நல்லெண்ணத் தூதராக்கியது, அந்தப் பொறுப்பில் அதுவரை இருந்தவர்களில் மிக இளையவராக. புத்தகம் எழுதினார். 2022இல் சாலி எல் ஹொசைனி இயக்கத்தில் ‘தி ஸ்விம்மர்ஸ்’ படம் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. லெபனான் சகோதரிகள் மனால் இஸ்ஸாவும் நதாலி இஸ்ஸாவும் நடித்திருந்தார்கள். சாராவின் பாதை வேறு திசையில் போனது. தோள் காயத்தால் நீச்சலை விட்டவர், லெஸ்போஸுக்கே திரும்பி வந்து, படகில் வருபவர்களுக்கு உதவும் தொண்டரானார். அதற்காகவே 2018இல் கிரேக்கக் காவல்துறை கைது செய்து, ஜாமீன் கிடைக்கும்வரை மூன்று மாதத்துக்கு மேல் சிறையில் வைத்தது. தங்கையைக் கொண்டாடிய கண்டத்தில் அக்காவுக்கு நடந்தது இது.

படம் ரியோவோடு முடிகிறது. அதில்தான் எனக்கு மனக்குறை. யுஸ்ரா நீச்சல்காரராகத் தன் நல்ல ஒலிம்பிக் நீச்சலை நீந்தியது ரியோவில் அல்ல, ஐந்தாண்டு கழித்து டோக்கியோவில். 2021 ஜூலை 24, கொரோனாவால் பார்வையாளர் இல்லாத அரங்கு. முந்தைய நாள் எரித்ரியாவின் தக்லோவினி கப்ரியேசோஸுடன் சேர்ந்து அகதிகள் அணியின் கொடியைப் பிடித்து வந்தார். அதே 100 மீட்டர் பட்டர்ஃப்ளை. 1 நிமிடம் 6.78 விநாடி. அரையிறுதி வாய்ப்பு இல்லை, செய்தியிலும் பெரிதாக இடமில்லை. ஆனால் ரியோவைவிட 2.43 விநாடி குறைவு. தங்கம் வென்ற கனடாவின் மேகி மெக்நீல் எடுத்தது 55.59. தங்கத்துக்கும் யுஸ்ராவுக்கும் இருந்த இடைவெளி 13.73 விநாடியிலிருந்து 11.19 ஆகியிருந்தது.

நூறு மீட்டரில் 2.43 விநாடி என்பது மூன்றரை சதவீத முன்னேற்றம். 18 வயதுக்கும் 23 வயதுக்கும் இடையில் உச்சநிலை நீச்சல்காரர்கள் விநாடியின் பத்தில் சில பங்குகளுக்காகப் போராடுவார்கள். 2012 லண்டனில் டேனா வோல்மர் 55.98இல் வென்ற தங்கம், ஒன்பது ஆண்டு கழித்து டோக்கியோவில் 55.59 ஆகத்தான் இறங்கியிருக்கிறது. யுஸ்ராவுக்கு அந்த வயதில் இரண்டரை விநாடி குறைகிறதென்றால், பதினைந்திலும் பதினாறிலும் குறைந்திருக்க வேண்டியது அப்போதுதான் குறைகிறது. 2015க்கு முன்பும் இதே வேகத்தில் தடையில்லாமல் போயிருந்தால் பதக்கம் வந்திருக்குமா? பதக்கம்வரை இழுப்பது நேர்மையாகாது. ஆனால் முதல் ஹீட்டில் நின்றிருக்கமாட்டார் என்று சொல்லும் தைரியத்தை இந்த எண்கள் தருகின்றன.

இதிலிருந்து அகதிகள் அணியைப் பற்றியும் ஒரு கேள்வி பிறக்கிறது. ரியோவில் 10 பேர், டோக்கியோவில் 29, 2024 பாரிஸில் 37. எண்ணிக்கை கூடியது நல்ல செய்தி. ஆனால் அகதி வீரர்களுக்கான உதவித்தொகை பெரும்பாலும் ஏற்கெனவே போட்டித் தரத்தை எட்டியவர்களைத் தேடிப் போகிறது. தொலைந்துபோவதோ அதற்கு முன்பே, பதின்மூன்றிலும் பதினைந்திலும், தஞ்சம் கேட்ட மனு மேசையில் கிடக்கும் மாதங்களில், கிளப் உறுப்பினர் அட்டை வாங்க முகவரிகூட இல்லாத வயதில். ஷ்பான்டாவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் கையைப் பிடித்து அழைத்துப் போனதால் யுஸ்ராவுக்குக் குளம் கிடைத்தது. முகாமுக்கு அருகிலுள்ள கிளப்புகளில் பதின்பருவத்தினருக்கு உடனடியாக இடம் ஒதுக்கும் திட்டம், கொடி பிடிக்கும் அணியைவிட அதிகம் சாதிக்கும் என்பது என் கருத்து.

அகதிகள் அணிக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் பாரிஸில்தான் கிடைத்தது. குத்துச்சண்டை, பெண்கள் 75 கிலோ பிரிவு, வெண்கலம். வென்றவர் சிண்டி எங்காம்பா. கேமரூனில் பிறந்து, 11 வயதில் இங்கிலாந்துக்கு வந்து, போல்டன் நகரத்தில் பதின்பருவத்திலேயே குத்துச்சண்டை பழகியவர். குடியுரிமைக்காக அலைந்திருக்கிறார், நாடு கடத்தப்படும் அபாயத்தில் தடுப்புக்காவலிலும் இருந்திருக்கிறார். ஆனால் கையுறை மாட்டிப் பழக ஊரில் ஒரு கிளப் இருந்தது. தேவையான வயதில் அதன் கதவும் திறந்திருந்தது.